பெடரரா, நடாலா? வெல்பவர் யார் என்று முறையாக வாதிடுவது எப்படி

ரோஜர் பெடரர் 2022 செப்டம்பரிலும் ரஃபேல் நடால் 2024 நவம்பரிலும் ஆட்டத்திலிருந்து விடைபெற்றார்கள். ஆனாலும், இருவரும் எதிரெதிரே நின்றால் வெல்பவர் யார் என்ற வாதம் டென்னிஸ் ரசிகர்களிடையே சற்றும் தணியவில்லை. அது நல்ல வாதம்தான். ஆட்டத்தை ஆழ்ந்து பார்க்கக் கற்றுத்தருவதில் அதற்கு இணையான பயிற்சி வேறில்லை என்றே கருதுகிறேன். எனினும் பெரும்பாலான வேளைகளில் அது கோப்பைகளின் எண்ணிக்கையை மாறிமாறி ஒப்பிப்பதாகவே தொடங்கி, குரல் உயர்ந்து, முடிவின்றி நின்றுபோகிறது. ஒருவர் மனத்தில் பாரிஸில் நடக்கும் பிரெஞ்சு ஓபனின் களிமண் தரையும் மற்றவர் மனத்தில் விம்பிள்டனின் புல்தரையும் இருக்க, இருவரும் ஒரே கேள்விக்கு விடை சொல்வதாக எண்ணிக்கொண்டு வெவ்வேறு ஆட்டங்களைப் பற்றிப் பேசுவதே அதற்குக் காரணம். இந்த வாதத்தைப் பயனுற நடத்தும் முறையை இவ்விருவரையே எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறேன். சாம்பிராஸ், அகாசி அல்லது எவர்ட், நவ்ரத்திலோவா என வேறு எந்த இணையை எடுத்துக்கொண்டாலும் இதே முறை பொருந்தும்.

ஆட்டத்தை முதலில் நிலைநிறுத்துங்கள்

வாய் திறப்பதற்கு முன் இரு தரப்பும் சிலவற்றை ஒப்புக்கொண்டாக வேண்டும்: எந்தத் தரை, எந்த அரங்கம், எந்த ஆண்டின் பெடரர், எந்த ஆண்டின் நடால், எத்தனை செட் ஆட்டம். இவற்றை ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்வது நல்லது. பாதி வாதத்தில் ஒருவர் தமக்கு வசதியான தரைக்கு நழுவிச் செல்வதை அது தடுக்கும்.

தரையைக் களிமண், புல், ஹார்டு கோர்ட் (கடினத் தரை) என்று மூன்றாகப் பிரித்தால் போதும் என்று நினைத்துவிட வேண்டாம். நீரில் முதலைக்குப் பலம், நிலத்தில் யானைக்குப் பலம் என்று சொல்லி முடித்துக்கொள்ள முடியாத அளவுக்கு, ஒரே பெயர் கொண்ட தரைகளுக்குள்ளேயே வேறுபாடு உண்டு. களிமண் தரையில் பெடரர் நடாலை வென்றது இரண்டே முறைதான்: 2007இல் ஹாம்பர்க்கில், 2009இல் மாட்ரிட்டில். மாட்ரிட் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 650 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே காற்றின் அடர்த்தி குறைவு. பந்து விரைந்து செல்லும். அடித்து ஆடுபவருக்கு அது சாதகம். ஆகவே மாட்ரிட் வெற்றியை எடுத்துக்காட்டிப் பாரிஸிலும் அவ்வாறே நடந்திருக்கும் என்று வாதிடுவது பொருந்தாது. விம்பிள்டனிலும் 2001 முதல் புல் மாறிவிட்டது. அதற்கு முன் இரண்டு வகைப் புற்களைக் கலந்து வளர்த்தார்கள். பிறகு முழுவதும் ரைகிராஸ் என்னும் ஒரே வகைக்கு மாறினார்கள். தரை இறுகியது, பந்தும் சற்று உயர்ந்து எழத் தொடங்கியது. நடால் விம்பிள்டனை வென்றது இந்தப் புதிய புல்லில்தான். முந்தைய புல்லில் ஆடியிருந்தால் என்று வாதிட விரும்புபவர் அதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டே தொடங்க வேண்டும்.

ஆண்டைக் குறிப்பிடுவது இன்னும் முக்கியம். பெடரர் பிறந்தது 1981 ஆகஸ்டில், நடால் பிறந்தது 1986 ஜூனில். ஐந்தாண்டுக்குச் சற்றே குறைந்த இந்த இடைவெளியால் இருவரது உச்சமும் ஒரே காலத்தில் அமையவில்லை. பெடரரின் மிகச் சிறந்த ஆண்டு 2006 என்று பலரும் ஒப்புவார்கள். அந்த ஆண்டு அவர் 92 ஆட்டங்களில் வென்று ஐந்தில் மட்டுமே தோற்றார். அந்த ஐந்தில் நான்கு தோல்விகள் நடாலிடம் நேர்ந்தவை. எஞ்சிய உலகம் முழுவதும் சேர்ந்து அவரை ஒரே ஒரு முறைதான் வென்றது. நடாலுக்கு அப்போது இருபது வயதே ஆகியிருந்தது. உச்சத்தில் இருந்த பெடரருக்கு நடால் ஒரு பொருட்டே அல்ல என்பவர் இந்த நான்கு தோல்விகளுக்கு விளக்கம் தர வேண்டும். மறுபுறம், அவற்றில் மூன்று களிமண்ணில் நிகழ்ந்தவை என்பதையும், அதே ஆண்டு விம்பிள்டன் இறுதியிலும் ஷாங்காய் மாஸ்டர்ஸ் கோப்பை அரையிறுதியிலும் பெடரரே வென்றார் என்பதையும் நடால் தரப்பு ஏற்க வேண்டும்.

செட்களின் எண்ணிக்கையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒருவர் ஒரு செட்டை வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு 60 என்று வைத்துக்கொண்டால், மூன்று செட் ஆட்டத்தில் (இரண்டு செட் வென்றால் வெற்றி) அவர் வெல்லும் வாய்ப்பு ஏறக்குறைய 65 ஆகவும், ஐந்து செட் ஆட்டத்தில் (மூன்று செட் வென்றால் வெற்றி) 68 ஆகவும் வரும். ஆட்டம் நீள நீள வலியவருக்கே அது சாதகமாகிறது. எதிர்பாராத முடிவை நம்புகிறவர் மூன்று செட் ஆட்டத்தைக் கேட்டுப் பெறுவதே அறிவுடைமை.

தரையை இருவருக்கும் பொதுவாக்கிவிட்டால் கேள்விக்கு விடை கிடைத்துவிடாதா என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. அந்தச் சோதனை உண்மையிலேயே நடந்திருக்கிறது. 2007 மே 2 அன்று நடாலின் சொந்த ஊரான மயோர்கா தீவின் பால்மா நகரில், ஒரு பாதி புல்லும் மறு பாதி களிமண்ணுமாக ஓர் ஆடுகளத்தை அமைத்து இருவரையும் மோதவிட்டார்கள். பக்கம் மாறும்போதெல்லாம் ஆட்டக்காரர்கள் காலணியையும் மாற்ற வேண்டியிருந்தது. நடால் 7-5, 4-6, 7-6 என்று வென்றார். சமநிலையில் நின்ற கடைசி செட்டை முடிவு செய்யும் டைபிரேக்கர் 12-10 வரை நீண்டது. இரண்டு புள்ளி இடைவெளியில் முடிந்த அந்தக் காட்சி ஆட்டம் எந்த வாதத்தையும் தீர்த்துவைக்கவில்லை.

நேருக்கு நேர் கணக்கைப் பிரித்துப் படியுங்கள்

நடால் தரப்பு முதலில் எடுக்கும் ஆயுதம் 24-16 என்ற எண். இருவரும் 40 முறை மோதியதில் நடால் 24 முறை வென்றார் என்பது உண்மை. ஆனால் அந்த 40 ஆட்டங்களில் 16 களிமண்ணிலும், 20 ஹார்டு கோர்ட்டிலும், 4 மட்டுமே புல்லிலும் நடந்தவை. களிமண்ணில் 14-2 என்று நடாலும், ஹார்டு கோர்ட்டில் 11-9 என்றும் புல்லில் 3-1 என்றும் பெடரரும் முன்னிலை வகிக்கிறார்கள். களிமண்ணை நீக்கினால் பெடரர் 14, நடால் 10 என்று கணக்கு தலைகீழாகிறது.

இங்கே நின்றுவிடாமல், இந்த 40 ஆட்டங்கள் எப்படி அமைந்தன என்று கேட்க வேண்டும். இருவரும் தரவரிசையில் முதலிரு இடங்களில் இருந்தபோது, இருவருமே கடைசிவரை முன்னேறினால்தான் சந்திக்க முடியும். களிமண்ணில் இரண்டாம் நிலையில் இருந்த பெடரர் பலமுறை இறுதிவரை வந்து நடாலிடம் தோற்றார். ஹார்டு கோர்ட்டிலோ தொடக்க ஆண்டுகளில் நடால் வழியிலேயே வேறு யாரிடமாவது தோற்று வெளியேறியதால், பெடரர் தமக்கு உகந்த தரையில் அவரை வெல்லும் வாய்ப்பைப் பலமுறை இழந்தார். களிமண்ணில் நன்றாக ஆடியதற்குப் பெடரர் கொடுத்த விலை இந்தத் தோல்விக் கணக்கு என்று சொன்னால் மிகையாகாது. பெடரர் தரப்பினருக்குக் கிடைக்கும் மிக வலுவான வாதம் இதுவே. அவர்கள் இதை அரிதாகவே முன்வைக்கிறார்கள் என்பது எனக்கு வியப்பாக இருக்கிறது.

ஆனால் அவர்களும் 11-9 என்ற எண்ணைக் காட்டி மகிழ்ந்துவிட முடியாது. அதைக் காலத்தால் பிரித்தால், 2014 ஜனவரியில் மெல்போர்னில் நடந்த ஆஸ்திரேலிய ஓபனில் நடால் வென்றபோது ஹார்டு கோர்ட் கணக்கு 9-6 என்று நடால் பக்கமே இருந்தது. அதன் பிறகு 2015இல் பாசல், 2017இல் மெல்போர்ன், இண்டியன் வெல்ஸ், மயாமி, ஷாங்காய் என ஐந்து ஆட்டங்களைப் பெடரர் தொடர்ச்சியாக வென்றார். ஆக, எந்தக் காலத்துப் பெடரர் என்பது முடிவாகாமல் ஹார்டு கோர்ட் கணக்கை வைத்து எதையும் சொல்ல இயலாது.

ஒரு புள்ளி எப்படி உருவாகிறது என்று காட்டுங்கள்

வாதத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. எண்கள் என்ன நடந்தது என்று சொல்லும். அது ஏன் நடந்தது என்று சொல்ல, ஒருவரது பலம் மற்றவரின் எந்த இடத்தில் போய்ப் படுகிறது என்று காட்ட வேண்டும்.

நடால் இடக்கையால் ஆடுபவர். அவருடைய போர்ஹேண்ட் (மட்டை பிடித்த கையின் பக்கத்திலிருந்து அடிக்கும் அடி) குறுக்காகச் செல்லும்போது வலக்கை ஆட்டக்காரரான பெடரரின் பேக்ஹேண்டுக்கு, அதாவது மறுபக்கத்துக்கு, போகிறது. அந்தப் பந்து நிமிடத்துக்குச் சராசரியாக 3,200 சுற்றுகள் சுழன்றதாக டென்னிஸ் ஆய்வாளர் ஜான் யாண்டெல் அளந்து கூறினார். அவ்வாறு முன்நோக்கிச் சுழலும் டாப்ஸ்பின் பந்து களிமண்ணில் பட்டதும் தோளுக்கு மேலே எழும். ஒற்றைக் கையால் பேக்ஹேண்ட் அடிப்பவருக்கு அந்த உயரத்தில் பந்தை அழுத்தித் திருப்புவது மிகக் கடினம். அவர் பின்வாங்கவோ, பந்தின் அடிப்புறத்தைச் சீவி மெதுவாகத் திருப்பி ஸ்லைஸ் செய்யவோ நேரிடுகிறது, இரண்டுமே நடாலுக்கு அடுத்த பந்தைப் பரிசாகத் தருகின்றன. பாரிஸில் இருவரும் மோதிய ஆறு ஆட்டங்களிலும் நடாலே வென்றதற்கும், 2008 இறுதி 6-1, 6-3, 6-0 என்று முடிந்ததற்கும் வேர் இந்த ஒரே வடிவம்தான்.

அடுத்தது, இதைவிட நுட்பமானது. பிரேக் பாயிண்டுகளில் (சர்வீஸ் போடுபவரின் கேமைப் பறிக்க எதிராளிக்கு ஒரு புள்ளியே தேவைப்படும் தருணங்களில்) 15-40 என்ற ஒன்றைத் தவிர மற்ற அனைத்திலும் சர்வீஸ் போடுபவர் தம் இடப்பக்கத்தில் நின்றே போடுகிறார். இடக்கை ஆட்டக்காரர் அங்கிருந்து சர்வீஸ் போட்டால், பந்து வளைந்து வெளியே விலகி, வலக்கைக்காரரை அவருடைய பேக்ஹேண்ட் பக்கம் ஆடுகளத்துக்கு வெளியே இழுத்துச்செல்லும். இயற்கையாகவே நடாலின் மிகச் சிறந்த சர்வீஸ், அவருக்கு மிகவும் தேவைப்படும் நேரத்தில் கிடைத்துவிடுகிறது. 2007 பிரெஞ்சு ஓபன் இறுதியில் பெடரருக்கு 17 பிரேக் பாயிண்டுகள் கிடைத்தும் ஒன்றைத்தான் பயன்படுத்தினார். 2008 விம்பிள்டன் இறுதியில் 13இல் ஒன்று. பெடரருக்கு நெருக்கடியில் மனத்திடம் போதவில்லை என்று இதை விளக்குவோர் உண்டு. அந்த விளக்கத்தை நான் ஏற்கவில்லை. மனத்தைப் பற்றிப் பேசத் தொடங்குமுன், அந்தப் புள்ளிகளில் பந்து எந்தப் பக்கம் வந்தது என்று பார்ப்பதே நியாயம்.

2017இல் நிலைமை மாறியதற்கும் ஆட்டத்துக்குள்ளேயே காரணம் இருக்கிறது. பெடரர் 90 சதுர அங்குல மட்டையை விட்டு 97 சதுர அங்குல மட்டைக்கு மாறியிருந்தார். பேக்ஹேண்டில் ஸ்லைஸைக் குறைத்து, பந்து எழும்பும்போதே முன்னால் வந்து தட்டையாக அடித்தார். மெல்போர்ன் இறுதியின் ஐந்தாம் செட்டில் 1-3 என்று பின்தங்கிய பிறகும் அதையே தொடர்ந்து 6-3 என்று வென்றார். அப்போது அவருக்கு 35 வயது. முழங்கால் காயத்தால் ஆறு மாதம் ஆடாமல் இருந்து திரும்பியிருந்தார். 2006இன் கால்களும் 2017இன் பேக்ஹேண்டும் கொண்ட ஒரு பெடரரைக் கற்பனை செய்து வாதிட ஆசை எழும். அவ்வாறு ஒருவர் ஒருபோதும் இருந்ததில்லை என்பதால் அந்த ஆசைக்கு இடம் கொடுக்கக் கூடாது.

உடலின் களைப்பும் வாதத்துக்கு உரியதுதான், ஆனால் அதை எச்சரிக்கையுடன் கையாளுங்கள். 2008 ஜனவரியில் சென்னை ஓபன் அரையிறுதியில் கார்லோஸ் மோயாவை வீழ்த்த நடாலுக்கு ஏறக்குறைய நான்கு மணி நேரம் பிடித்தது. மறுநாள் நுங்கம்பாக்கத்தில் நடந்த இறுதியில் மிகயில் யூஷ்னியிடம் 0-6, 1-6 என்று தோற்றார். களைப்பு அவரைக் கவிழ்க்கும் என்பதற்கு இது சான்று. ஆனால் அடுத்த ஆண்டே மெல்போர்ன் அரையிறுதியில் வெர்டாஸ்கோவுடன் 5 மணி 14 நிமிடம் ஆடிய நடால், தம்மைவிட ஒரு நாள் கூடுதலாக ஓய்வெடுத்திருந்த பெடரரை இறுதியில் ஐந்து செட்களில் வென்றார். முதல் எடுத்துக்காட்டைக் காட்டுபவர் இரண்டாவதை மறைத்தால், எதிர்த் தரப்பு அதை எடுத்து வைக்கும்.

ஏற்கக் கூடாத சான்றுகள்

நடால் 22, பெடரர் 20 என்ற கிராண்ட்ஸ்லாம் (நான்கு பெருந்தொடர்களின் பட்டங்கள்) கணக்கு, ஒருவர் ஏழு சுற்றுகளில் ஏழு பேரை எத்தனை முறை வென்றார் என்று சொல்லும். குறிப்பிட்ட ஒருவரை வெல்வாரா என்பதற்கு அது விடை ஆகாது. அதேபோல், இவரை வென்றவரை அவர் வென்றார் என்ற சங்கிலி வாதமும் செல்லாது. ரஷ்ய வீரர் நிக்கோலாய் டேவிடென்கோ நடாலுடன் மோதிய 11 ஆட்டங்களில் 6-5 என்று முந்தியவர்; அவரைப் பெடரர் 21 ஆட்டங்களில் 19 முறை வென்றிருக்கிறார். சங்கிலி உண்மையானால் பெடரர் நடாலை எளிதில் வென்றிருக்க வேண்டும்.

1960களில் கோலோச்சிய ராட் லேவர் போன்ற முற்காலத்தவரை இழுக்கும்போது, அவருக்கு மரமட்டையைத் தருவீர்களா இக்கால மட்டையைத் தருவீர்களா என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் வாதத்தை அங்கேயே நிறுத்திவிடலாம்.

உறுதியை எண்ணால் சொல்லுங்கள்

பெடரர் தம் வாழ்நாளில் ஆடிய 1,526 ஒற்றையர் ஆட்டங்களில் ஏறக்குறைய 80 விழுக்காட்டில் வென்றார். ஆனால் ஆடிய புள்ளிகளில் அவர் வென்றது 54 விழுக்காடு மட்டுமே. 2024இல் டார்ட்மத் கல்லூரி மாணவர்களிடையே பேசியபோது அவரே இதைச் சொன்னார். 2008 விம்பிள்டன் இறுதியில் நடால் 209 புள்ளிகளும் பெடரர் 204 புள்ளிகளும் எடுத்தார்கள். 2019 விம்பிள்டன் இறுதியில் பெடரர் 218, ஜோகோவிச் 204; ஆனாலும் கோப்பை ஜோகோவிச்சிடம் சென்றது. இவ்வளவு மெல்லிய விளிம்பில் நடக்கும் ஆட்டத்தில் "இவர்தான் வெல்வார்" என்று அடித்துச் சொல்வதற்கு இடமில்லை. நூறு முறை மோதினால் எத்தனை முறை வெல்வார் என்று இரு தரப்பும் ஓர் எண்ணை வாதத்துக்கு முன்பே எழுதிக்கொடுக்க வேண்டும். ஒருவர் 70 என்றும் மற்றவர் 45 என்றும் எழுதியிருந்தால், வாதிட வேண்டியது அந்த 25ஐப் பற்றி மட்டுமே என்பது உடனே தெளிவாகும்.

எழுதிய எண்ணுக்குக் கீழே, எந்தச் செய்தி தெரியவந்தால் அதை மாற்றிக்கொள்வேன் என்று ஒரு வரி சேர்ப்பதும் அவசியம். பாதி நேரம் கடந்ததும் அணி மாறி வாதிடச் சொல்லுங்கள். பட்டிமன்ற மேடையில் எந்தப் பக்கம் கொடுத்தாலும் பேசப் பழகியவர்களுக்கு இது எளிது. நடாலை நேசிப்பவர் பெடரருக்காகப் பத்து நிமிடம் பேசும்போதுதான், அந்தப் பக்கத்தில் எத்தனை வலுவான செய்திகள் இருக்கின்றன என்று அவருக்குப் புலப்படும்.

நடக்காத ஓர் ஆட்டம்: நியூயார்க், 2010

அமெரிக்க ஓபனில் இவ்விருவரும் ஒருமுறைகூட மோதவில்லை. 2008, 2009 ஆண்டுகளில் பெடரர் இறுதிக்கு வந்தார், நடால் அரையிறுதியில் தோற்றார். 2010, 2011 ஆண்டுகளில் நடால் இறுதிக்கு வந்தார். பெடரரோ இரண்டு முறையும் அரையிறுதியில் ஜோகோவிச்சுக்கு எதிராக இரண்டு மேட்ச் பாயிண்டுகளை (வென்றால் ஆட்டமே முடியும் புள்ளிகளை) கையில் வைத்திருந்தும் தோற்றார். இவற்றில் 2010ஐ எடுத்துக்கொண்டு, பெடரர் அந்த மேட்ச் பாயிண்டுகளில் ஒன்றை வென்றுவிட்டதாகக் கொள்வோம். ஆர்தர் ஆஷ் அரங்கம், ஐந்து செட், பெடரருக்கு 29 வயது, நடாலுக்கு 24.

பெடரருக்காகச் சொல்ல வேண்டியவை இவை: 2004 முதல் 2008 வரை தொடர்ந்து ஐந்து முறை அங்கே பட்டம் வென்றவர், அந்த ஆகஸ்டில்தான் சின்சினாட்டியில் வென்று வந்திருந்தார், நியூயார்க்கின் டெகோடர்ஃப் என்னும் ஹார்டு கோர்ட் தரையில் பந்து மெல்போர்னைவிடத் தாழ்வாக எழுந்ததால் நடாலின் டாப்ஸ்பின் அவரது தோளுக்கு ஏறுவது குறையும். நடாலுக்காக: அந்த ஆண்டு பாரிஸையும் விம்பிள்டனையும் வென்றிருந்தார், இரண்டிலும் பெடரர் காலிறுதியோடு வெளியேறினார், அந்தத் தொடரில் நடாலின் சர்வீஸ் முன்னெப்போதையும்விட வேகமாக இருந்தது, தொடர் முழுவதிலும் ஒரே ஒரு செட்டைத்தான் இழந்தார், அரையிறுதியில் யூஷ்னியை நேர் செட்களில் (ஒரு செட்டும் இழக்காமல்) முடித்துவிட்டு ஓய்வெடுத்தார், பெடரரோ ஐந்து செட் ஆடியிருந்தார், ஆர்தர் ஆஷ் அரங்குக்கு அப்போது கூரை இல்லை, அங்கே சுழன்றடிக்கும் காற்று, பந்தை எழும்போதே சந்திக்கும் பெடரரின் நேரக்கணிப்பைத்தான் அதிகம் குலைக்கும். மழையால் இறுதி ஆட்டம் ஞாயிறிலிருந்து திங்களுக்குத் தள்ளிப்போனது. அந்த ஒரு நாள் பெடரரின் கால்களுக்குக் கிடைத்திருக்கும் என்பதால் களைப்பு வாதத்தின் எடையில் பாதியைக் குறைத்துவிடலாம்.

என் எண் நடாலுக்கு 58. அந்தத் தரையில் தாழ்வாக எழும் பந்து போர்ஹேண்ட் வடிவத்தின் வலிமையைக் குறைத்திருக்கும். ஆனால் இடப்பக்கத்திலிருந்து வளைந்து செல்லும் சர்வீஸுக்கு வேகமும் சேர்ந்திருந்ததால், பிரேக் பாயிண்டுகளில் பெடரர் முன்பைவிட அதிகம் திணறியிருப்பார் என்று கருதுகிறேன். பெடரர் நேர் செட்களில் இறுதிக்கு வந்திருந்தால் 52க்கு இறங்குவேன். அதே இருவரை, இரண்டு மாதம் கழித்து, காற்றே இல்லாத லண்டன் உள்ளரங்கில் மூன்று செட் ஆட்டத்தில் நிறுத்தினால் 60ஐப் பெடரருக்கே கொடுப்பேன். அந்த ஆட்டம் நடந்தது, 6-3, 3-6, 6-1 என்று அவர் வென்றார்.